நீலப் படகில் யார் ஏறுவது?

"முர்ஷித் தம்பி சிரிக்கிற சத்தம் கேக்குது. டீச்சர் வந்திட்டா போல," என்றார் வேலப்போடி.

பளீல் வாயிலிருந்த விசிலைக் கடித்தான். கண் தெரியாத மனிசனுக்கே விளங்குகிற அளவுக்கு விசயம் முற்றிப் போயிருந்தது.

"அவ எந்தப் படகுல ஏறினா நமக்கென்ன, வேலப்போடி அண்ணன்? நமக்கு எல்லாப் படகும் ஒண்டுதான்."

"நான் படகப் பத்தி ஒண்டும் கேக்கல்லியே, தம்பி."

வேலப்போடி பாண்டிருப்புக்காரர். காலமெல்லாம் மட்டக்களப்பு பஸ்ஸில் கொண்டக்டராக நின்றவர். சீனி வருத்தம் கண்ணைக் கொண்டு போனதே தவிர, அந்தக் கொண்டக்டர் தொண்டையை ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கல்முனைக்கு மேற்கே ஏரி மாதிரி விரிந்து கிடக்கிற களப்பின் கரைக்கு வந்து, லைஃப் ஜக்கெட்டை மாட்டிக்கொண்டு, "முன்னுக்குப் போங்க, முன்னுக்கு நிறைய இடம் கிடக்கு!" என்று ஆட்களைப் படகில் ஏற்றிவிட்டுத்தான் தானும் ஏறுவார்.

அந்தப் பாய்ப்படகுத் திட்டம் பளீலுடையது. நடக்க ஏலாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், காது கேளாதவர்கள் எல்லாரும் பாய் விரித்துக் களப்பில் ஓட வேண்டும் என்று அவனுக்கு எப்படியோ ஓர் எண்ணம் வந்தது. அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கொழும்பில் ஒரு பாய்ப்படகுக் கழகத்தின் காலைப் பிடித்து, பழைய படகுகள் நாலைக் கொண்டுவந்து பூச்சு அடித்து இறக்கினான். ஊர் அவனை நல்ல மனிசன் என்றது. ஞாயிறு தொடக்கம் வெள்ளி வரை அவன் உண்மையிலேயே நல்ல மனிசன்தான். சனிக்கிழமைதான் சிக்கல்.

சிக்கலின் பெயர் ஸம்றா. அட்டாளைச்சேனைப் பெண். காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற டீச்சர். ரெண்டு மாசமாகத் தன் வகுப்புக் குமருப் பிள்ளைகள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். துணைக்கு அவளுடைய மாமா, உம்மாவின் காக்கா சீனித்தம்பி ஹாஜியார், தொப்பியும் குடையுமாகக் கரையில் வந்து நிற்பார். வந்த முதல் நாளே பளீலுக்கு மனசு அவளிடம் போய்விட்டது. போன மனசு திரும்பி வரவும் இல்லை.

அவளோ வந்த நாளிலிருந்து நீலப் படகில்தான் ஏறுகிறாள். நாலு பேர் இருக்கக்கூடிய பெரிய படகு அது ஒன்றுதான். அதில் சுக்கான் பிடிப்பது முர்ஷித்.

முர்ஷித் சம்மாந்துறைக்காரன். மோட்டார் சைக்கிள் விழுந்ததில் இடுப்புக்குக் கீழே செத்துப் போனது. சக்கர நாற்காலியில் இருந்தபடி ஃபோன் திருத்துகிற கடை நடத்துகிறான். வயலையும் அரிசி ஆலையையும் தவிர வேறெதையும் காணாத ஊரிலிருந்து வந்தவனுக்குப் பாய் கட்டப் படிப்பித்தது பளீல்தான். இப்போது அவன் பளீலை விட நன்றாகப் படகு ஓட்டுகிறான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் பகிடி விடுவான். ஸம்றா அதைக் கைச்சாடையில் பிள்ளைகளுக்குச் சொல்லுவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மறுகா ஸம்றாவும் சிரிப்பாள். சிரித்துவிட்டுக் கரைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள்.

'என்னப் பாத்துத்தான் சிரிக்காங்க,' என்று பளீலுக்கு வயிறு எரியும்.

இந்த எரிச்சலை ஆரிடம் சொல்ல? அடுத்தவனின் காரைப் பார்த்து, மாடி வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை ஊர் மன்னிக்கும். சக்கர நாற்காலியில் இருக்கிறவனைப் பார்த்துப் பொறாமைப்படுகிறான் என்றால், அதுவும் அவர்களுக்காகவே திட்டம் நடத்துகிறவன் பொறாமைப்படுகிறான் என்றால், ஸலாம் சொல்லக்கூட ஆள் இருக்காது. ஆகவே பளீல் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.

வாயைத் திறந்து பெண் கேட்கவும் வழியில்லை. இந்தக் கரையில் பெண் வீட்டார்தான் வீடு வளவோடு மாப்பிள்ளை தேடி வருவார்கள். அதற்கு முன் ஆளைப் பற்றிக் காதும் காதும் வைத்த மாதிரி விசாரிப்பார்கள். மாப்பிள்ளைப் பகுதி முந்திக்கொண்டு போய்க் கேட்டால் சங்கை கெட்டுப் போகும். தங்கச்சிமார் ரெண்டு பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்து, கலியாணம் முடித்துக் கொடுத்து நிமிர்ந்தபோது பளீலுக்கு வயது முப்பத்தைந்தைத் தொட்டிருந்தது. இனி அவன் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: பெண் வீட்டாரின் கண்ணில் படுகிற இடத்தில் போய் நிற்பது. அதற்காகத்தான் அயன் பண்ணின சேர்ட்டோடு களப்புச் சேற்றில் நின்றான்.

"களப்புக்குப் போக அத்தர் என்னத்துக்கு, மகன்?" என்று அவன் உம்மா ஆயிஷா உம்மா கேட்பா.

"மீன் நாத்தம், உம்மா."

"இவ்வளவு காலமும் அந்த மீனெல்லாம் மணத்திச்சா?"

சரி, இன்றைக்கு ஒரு முடிவு கட்டுவது என்று பளீல் விசிலை ஊதினான்.

"முர்ஷித், நீ இண்டைக்குச் சின்னப் படகுல போ. தனியா ஓடிப் பழகணும். முன்னேறணும்."

"தனியாவா காக்கா? தனியாப் போனாப் பாதுகாப்பில்ல எண்டு போன மாசந்தானே ஏசினீங்க?"

"அது போன மாசம்."

முர்ஷித் அவனை ஒரு தரம் பார்த்தான். பிறகு சிரித்தான். "நீங்க செல்றது சரி காக்கா," என்று கையை ஊன்றி ஒரே எம்பில் நாற்காலியிலிருந்து சின்னப் படகுக்குள் போய் இருந்தான். ஒரு சண்டையாவது பிடித்தானா பாவி? அவன் கோபப்பட்டிருந்தால் பளீலுக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்!

பளீல் நீலப் படகில் ஏறினான். ஏறும்போது ஒரு செருப்பு சேற்றோடு போனது.

"ஸேர், நீங்களும் ஓடுவீங்களா?" என்று ஸம்றா ஆச்சரியப்பட்டாள்.

"நான்தானே டீச்சர் எல்லாருக்கும் படிப்பிச்சது."

பொய்யில்லை. ஆனால் படிப்பித்து முடித்த நாளிலிருந்து அவன் கரையில் நின்று விசில் ஊதினானே தவிர சுக்கானைத் தொடவில்லை. களப்பு நடுவுக்குப் போனதும் மேற்கிலிருந்து கச்சான் காற்று பிடித்தது. படகு ஒரு பக்கம் சரிந்தது.

"ஸேர், உங்கட உம்மா இப்ப ஆரோட இரிக்கிறா? தங்கச்சியோடயா?"

"கயிறு! கயிறப் பிடிங்க டீச்சர்!"

"உங்களுக்குக் கடையில சாப்பிடுறது விருப்பமா, வீட்டுச் சாப்பாடா?"

"குனிங்க! தலையக் குனிங்க!"

பாய் கட்டின தடி இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. பிள்ளைகள் குனிந்துவிட்டன. ஸம்றா குனிந்துவிட்டாள். பளீலின் நெற்றியில் மட்டும் 'டங்' என்றது. கண்ணைத் திறந்து பார்க்கிறான், படகு தண்ணீரில் மிதக்கிற ஆத்துவாழைப் பற்றைக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது. முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது.

உதவிக்கு விசிலை ஊதினான். அங்கேதான் பிழை நடந்தது. விசில் ஊதினால் ஓட்டம் முடிந்தது, கரைக்கு வந்து பாயைச் சுருட்ட வேண்டும் என்பது அவனே வைத்த சட்டம். மற்றப் படகெல்லாம் ஒழுங்காகக் கரைக்குத் திரும்பின. அவன் பதறி ஊத ஊத, அவர்கள் பதறிப் பதறிப் பாயைச் சுருட்டினார்கள்.

கரையிலிருந்து வேலப்போடியின் குரல் களப்பெல்லாம் கேட்டது. ஆரோ அவருக்கு விசயத்தைச் சொல்லிவிட்டார்கள்.

"ஆத்துவாழைச் சந்தி! ஆத்துவாழைச் சந்தி! இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்க!"

முர்ஷித் ஒருவன்தான் சட்டத்தை மீறி வந்தான். சின்னப் படகை வளைத்து ஓட்டி வந்து கயிற்றை எறிந்தான். "இந்தாங்க காக்கா, பிடிச்சுக் கட்டுங்க," என்று பதமாகச் சொல்லி, பெரிய படகைப் பற்றைக்குள்ளிருந்து இழுத்தெடுத்தான். பிள்ளைகள் ரெண்டும் கைகளை உயர்த்திப் படபடவென்று ஆட்டின. காது கேளாதவர்களின் கைதட்டல் அதுதான். ஸம்றாவும் கையை ஆட்டினாள். பளீலுக்கு நெற்றி வீக்கத்தை விட அந்தக் கைதட்டல்தான் வலித்தது.

ரெண்டு நாள் யோசித்தான். யோசித்து, ஓர் அறிவித்தல் விட்டான்: இனிமேல் சனிக்கிழமை பெண்களுக்கு மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கு.

ஊர் கொண்டாடியது. பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்து ஆள் வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனது. "நல்ல யோசனை, ஸேர்," என்று ஸம்றாவே ஃபோன் எடுத்துச் சொன்னாள். ஆயிஷா உம்மா கண் கலங்கினா. முர்ஷித் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டான். பளீல் புதுச் சேர்ட்டை அயன் பண்ணினான். அத்தரை ரெண்டு மடங்காகப் பூசினான்.

சனிக்கிழமை காலையில் களப்புக் கரைக்குப் போனால், சுற்றிவரச் சீலையும் யூரியா உறைகளும் கட்டி மறைப்பு அடித்திருந்தது. வாசலில் தங்கேஸ்வரி நின்றாள். தம்பிலுவில்காரி, ஒரு கைதான் உண்டு, அந்த ஒரு கையால் ரெண்டு பேருடைய பாயை இழுப்பாள்.

"தம்பி, எங்க வாறீங்க?"

"எங்க வாறனா? நான்தானே நடத்துறன்!"

"பொம்புளையளுக்கு மட்டும் எண்டு அறிவிச்சது ஆரு?"

"நான்தான்."

"அப்ப நீங்களே சொல்லுங்க," என்று தங்கேஸ்வரி சீலையை இழுத்து மூடினாள். "படிப்பிக்க நான் இருக்கன். நீங்க றோட்டுக்கு அங்கால போய் இருங்க."

இப்படியாகப் பளீல் தன் சொந்தக் களப்புக் கரையிலிருந்து தானே தன்னைத் துரத்திக்கொண்டான். ரோட்டைத் தாண்டிக் காலிதீனின் தேத்தண்ணிக் கடைக்குள் போனான்.

கடைசி மேசையில் முர்ஷித். பக்கத்தில் சீனித்தம்பி ஹாஜியார். ரெண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஹாஜியாரின் குடை முர்ஷித்தின் நாற்காலிக் கைப்பிடியில் தொங்கியது. குடையைக் கொடுத்துவிட்டார் என்றால் இனிக் கொடுக்க வேறென்ன பாக்கி?

"நீ என்னத்துக்கு இண்டைக்கு வந்த?" என்று பளீல் கேட்டான்.

"ஹாஜியார் வரச் சென்னார், காக்கா. ஓட்டமும் இல்லத்தானே, சும்மா இரிக்கன் எண்டு நம்மட த்ரீவீல் ஓட்டோல வந்தன். வாங்க, இரிங்க. உங்களப் பத்தித்தான் கதைச்சிட்டு இரிந்தம்."

"ஆத்துவாழைக் கதையத்தானே?"

"அதையுந்தான்," என்று முர்ஷித் வாய்விட்டுச் சிரித்தான்.

ஹாஜியார் சிரிக்கவில்லை. பளீலை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தரம் பார்த்தார். நெற்றி வீக்கத்தில் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "நோவுதா மகன்?" என்று மட்டும் கேட்டார்.

பளீல் முன் மேசைக்கு வந்துவிட்டான். காலிதீன் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே பக்கத்தில் குனிந்தான்.

"காக்கா, ஒரு சங்கதி. ஆருக்கிட்டயும் செல்லிடாதீங்க. ஹாஜியார் என்னக்கிட்டக் காலையில முர்ஷித்தப் பத்தி விசாரிச்சார். ஆள் எப்படி, பேச்சுச் சுத்தமா, பழக்கவழக்கம் எப்படி எண்டு."

"நீ என்ன செல்லின?"

"எனக்கு என்ன தெரியும்? அவரு களப்புக்கு வாற ஆள், பளீல் காக்காக்கிட்டக் கேளுங்க எண்டன்."

போச்சு. எல்லாம் போச்சு. பெண்ணின் மாமா தேத்தண்ணிக் கடையில் ஓர் இளந்தாரியைப் பற்றி விசாரிக்கிறார் என்றால் இந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். படகை மாற்றப் போய் அவனை வீரனாக்கினான். நாளை மாற்றப் போய் அவனை மாமாவின் மடியிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான். இனி நிக்காஹ் ஒன்றுதான் மிச்சம். அதையும் இந்தக் களப்புக் கரையில் வைத்து, பளீலையே பந்தலும் போடச் சொல்லுவார்கள். நல்ல மனிசன் அல்லவா, போட்டுக் கொடுப்பான்!

கடைக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் பகல் லுஹர் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது தோளில் ஒரு கை விழுந்தது. ஹாஜியார்.

"மகன், உங்களுக்கிட்ட ஒரு கேள்வி. பள்ளி வாசல்ல நிக்கம், அல்லாஹ்வுக்காக உண்மை செல்லணும். ஒரு குமர்ப்புள்ளைர வாழ்க்கை."

"கேளுங்க ஹாஜியார்."

"நம்மட முர்ஷித். அவர்ர பேச்ச நம்பலாமா?"

முர்ஷித்தின் கால்களைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை என்று அவனுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. அந்த மட்டுக்கு அவன் மனிசன்தான். குடி இல்லை, சிகரெட் இல்லை, அஞ்சு நேரத் தொழுகை தவறாது. குறை சொல்ல எதைத்தான் மிச்சம் வைத்திருக்கிறான் படுபாவி? அந்த வாய்! அந்த வாயால்தானே அவளைச் சிரிக்கவைத்தான்!

"ஹாஜியார், நான் ஆரையும் குறை செல்ற ஆளில்ல," என்று தொடங்கினான். நம்மவர்கள் குறை சொல்லத் தொடங்குவதே இப்படித்தான்.

"தெரியும் மகன். அதாலதான் உங்களுக்கிட்ட வந்தன்."

"அவன் கொஞ்சம் பகிடிக்காரன். பகிடிக்கு எதையும் கூட்டிக் குறைச்சுச் செல்லுவான்."

"பகிடி பரவால்ல. பாரதூரமான விசயத்தில?"

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தான் பாவம். அந்த நேரம் பார்த்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் மறைப்புச் சீலையை விலக்கிக்கொண்டு ஸம்றா பிள்ளைகளோடு வெளியே வந்தாள். நேரே முர்ஷித் இருந்த த்ரீவீலுக்குப் போனாள். குனிந்து என்னவோ கேட்டாள். முர்ஷித் என்னவோ சொன்னான். ரெண்டு பேரும் பளீல் நிற்கிற திசையைப் பார்த்தார்கள். ஸம்றா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"பளீல் காக்கா!" என்று முர்ஷித் அங்கிருந்தே கூப்பிட்டான். "உங்களுக்குத் தேத்தண்ணி செல்லி வெச்சிரிக்கன்! சீனி குறைச்சு!"

பளீலுக்கு உச்சந்தலையில் பற்றியது.

"வாயத் தொறந்தாப் பொய், ஹாஜியார்."

"அப்படியா?"

"பொய்யெண்டாச் சின்னப் பொய்யில்ல. சத்தியம் பண்ணிச் செல்லுவான், பொய்யாத்தான் இரிக்கும். கெட்டவன நல்லவன் எண்டுவான், ஊரச் சுத்துறவன உம்மாவப் பாக்கிற புள்ளை எண்டுவான். முர்ஷித் ஒருத்தனத் தங்கம் எண்டு செல்றான் எண்டா, நாம அந்த ஆளுக்குப் பக்கத்திலயும் போகப்படா. அவ்வளவுதான் நான் செல்லுவன்." மூச்சு வாங்கினான். "அல்லாஹ் என்ன மன்னிக்கணும்."

வயிற்றில் ரெண்டு மாசமாக எரிந்தது அணைந்து, பளீலுக்கு இளநீர் குடித்த மாதிரிக் குளிர்ந்தது. முர்ஷித்தை நினைக்க ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. அவனுக்கு வேறு நல்ல இடத்தில் ஒரு பெண் பார்க்க வேண்டும், நாமே முன்னுக்கு நின்று பார்க்க வேண்டும் என்று தாராளமாக நினைத்துக்கொண்டான்.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றினார். தலையைத் தடவினார். திரும்பப் போட்டுக்கொண்டார். மறுகா பளீலின் கையை ரெண்டு கையாலும் பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இந்தக் காலத்தில இப்படி உண்மை செல்ல ஆள் இல்ல, மகன். நாளைக்கு ஆள் அனுப்பிப் பேசி முடிக்கிறதா இரிந்தம். நல்ல நேரத்தில காப்பாத்தினீங்க."

"கடமைதானே, ஹாஜியார்."

"ஸம்றா!" என்று ஹாஜியார் ரோட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். "பஸ்ஸுக்கு நட புள்ள! த்ரீவீல் வேணாம்!"

அவளுடைய சிரிப்பு நின்றது. மாமாவைப் பார்த்தாள். பளீலைப் பார்த்தாள். பளீல் அவளைப் பார்த்து முதல் தடவையாகத் தைரியமாகப் புன்னகைத்தான். அவள் ஏனோ திரும்பிச் சிரிக்கவில்லை.

"அப்ப, ஹாஜியார்," என்றான் பளீல், குரலில் சந்தோசத்தை மறைத்துக்கொண்டு. "முர்ஷித்த மாப்பிள்ளையா எடுக்கிற பேச்ச விட்டிட்டீங்கதானே?"

ஹாஜியார் குடையை விரித்துக்கொண்டு அவனை விசித்திரமாகப் பார்த்தார்.

"முர்ஷித்தயா? நாங்க மாப்பிள்ளையாப் பேசி வெச்சிரிந்தது உங்களயல்லவா மகன்; 'பளீல் காக்கா தங்கமான மனிசன், கண்ண மூடிட்டுப் புள்ளையக் குடுங்க' எண்டு எங்களுக்குச் சத்தியம் பண்ணிச் செல்லிட்டு இரிந்தது அந்தப் பொய்க்காரன்தானே!"